நீர் தேங்கிய மண்ணா, நீர் கோத்த மண்ணா?

மன்னார்குடியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். நெல் தரிசு உளுந்துக் கையேடு (நெல் அறுவடைக்குப்பின் அதே வயலில் வளரும் உளுந்து பற்றியது) வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வாட்டர்லாக்டு’ (waterlogged) மண்ணை ‘நீர் தேங்கிய மண்’ என்று போட்டிருக்கிறோம், பொருள் பிறழ்கிறது. வேறு சொல் சொல்லுங்கள். மெழுகு பதத்தில் (மண் மெழுகுபோல் இளகிய ஈரத்தில்) உளுந்து தெளித்தபின் தை மழை பிடித்துக்கொண்டால், மேல்நீர் வடிந்த வயலிலும் ஓரடி தோண்டினால் குழியில் நீர் ஊறும். மண்துளைகளில் காற்று இராது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். நெல்லுக்குத் தண்டிலிருந்து வேர்வரை காற்றறைகள் உண்டு, தாங்கும். உளுந்து தாங்காது: தழைச்சத்தைப் பிடிக்கும் வேர்முடிச்சு முடங்கி, அடியிலை மஞ்சளாகி, வேர் அழுகும். ‘தேங்கிய’ என்று படித்தவர் மேல்நீரை வடித்ததோடு நின்றுவிடுவார்.

கும்பகோணத்திலிருந்து:
ஐயா, மூலத்தைப் பாருங்கள். அது 18ஆம் நூற்றாண்டுக் கப்பற்சொல். மண்ணுக்கு வந்தது பிறகு. ‘லாக்’ என்பது மரக்கட்டை. உள்ளே நீர் புகுந்த கப்பல் சுக்கானுக்கு அடங்காமல் கட்டையாய்க் கிடக்கும். நாமும் கால் ‘மரத்துப்போயிற்று’ என்கிறோமே, மரமாதல்தான் மரத்தல். ஆகவே ‘நீர்மரத்த மண்’.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
சொற்பிறப்பு அருமை, ஆனால் வயலில் யாருக்கும் விளங்காது. ‘தண்ணி கோத்துக்கிச்சு’ என்றால் எல்லாருக்கும் புரியும். ‘நீர் கோத்த மண்’ என்றே போடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:
நீர் கோத்தல் என்றதும் தலைபாரமும் நீர்க்கோவை மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். சுவரில் ஏறும் ஓதத்தை அறியாதவர் இல்லை. கீழிருந்து ஏறும் நீருக்கு ‘ஓதமேறிய மண்’ பொருந்தாதா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
ஓதம் கடலேற்றமும் அல்லவா? தலைஞாயிறு பக்கம் வடிகாலாறு கடலோதத்தில் வடியாமல் எதிர்த்து நிற்கும். ‘ஓதமேறிய’ என்றால் உப்பேறிய நிலம் என்று எண்ணி, அதைச் சீராக்க ஜிப்சத்தைத் தேடுவார்கள். இங்கே வேண்டியது வரப்போரம் ஆழமான வடிகால்.

கும்பகோணத்திலிருந்து:
அப்படியானால் ‘கோர்த்த’ என்று அச்சேறாமல் பாருங்கள். பகுதி ‘கோ’, ஆகவே ‘கோத்த’. எழுவாய்த்தொடர் என்பதால் ஒற்றும் மிகாது. பெயர்ச்சொல்லுக்கு என்ன செய்வீர்கள்? ‘நீர்க்கோவை’ நோய்ப்பெயர். ‘நீர்க்கோப்பு’ என்றால் ஆபீஸ் கோப்பு.

மன்னார்குடியிலிருந்து:
‘நீர் கோத்த’ என்றே போகிறேன். முதல் முறை வருமிடத்தில் ‘துளைகள் நீரால் அடைபட்ட’ என்று விளக்கம் சேர்த்தாயிற்று. பெயர்ச்சொல் வரும் இடங்களை ‘மண் நீர் கோத்தால்’ என வாக்கியமாக மாற்றிவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. ‘நீர்மரத்த’ என்பதிலிருந்து ‘நீர்மரப்பு’ தானே வருகிறது, எந்த வாக்கியத்தையும் உடைக்க வேண்டாம். சொல்லடைவிலாவது இரண்டையும் சேருங்கள்.