சீரியல் செட்டில் பாதி மட்டும் எரிகிறது: போன பல்பை எப்படிப் பிடிப்பது?

கேள்வி:
80 பல்பு உள்ள பழைய மாடல் சீரியல் செட். எல்இடி இல்லை, இழை பல்பு. ஒவ்வொன்றும் 6 வோல்ட், 0.1 ஆம்பியர். 230 வோல்ட்டில் நேராகச் சொருகுவது. முதல் 40 எரிகிறது, அடுத்த 40 எரியவே இல்லை. சீரியல் என்றால் ஒன்று போனாலே எல்லாம் அணைய வேண்டாமா? மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து பிளக்கின் இரண்டு பின்னிலும் பார்த்தேன், சத்தம் வரவில்லை. அப்படியானால் எரிகிற பாதியும் கெட்டதா?

பதில் 1:
இல்லை சார். 6 வோல்ட் பல்பு 40 சேர்ந்தால் 240 வோல்ட். அதனால் 40 பல்பு ஒரு தொடர் இணைப்பு. அப்படி இரண்டு வரிசையைப் பக்க இணைப்பில் போட்டதுதான் உங்கள் செட். ஒரு வரிசை அறுந்தாலும் மற்றது தன் 230 வோல்ட்டை வாங்கிக்கொண்டு எரியும்.

பீப் வராததற்குக் காரணம் வேறு. எரியும்போது ஒரு பல்பின் தடை 60 ஓம். குளிர்ந்த இழையில் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 40 பல்புக்கு இருநூறு ஓமுக்கு மேல் வந்துவிடும். பீப்போ சில பத்து ஓமுக்குள் இருந்தால்தான் அடிக்கும். மீட்டரை 2000 ஓம் ரேஞ்சில் வையுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, எரியாத வரிசையின் ஒரு முனையைப் பிளக் பக்க ஜாயின்ட்டிலிருந்து பிரியுங்கள். இதை விட்டால் மீட்டர் ஏமாற்றும்: நல்ல வரிசை வழியாகச் சுற்றி வந்து ஏதோ ஒரு தடையைக் காட்டும். பிறகு பிரித்த முனைக்கும் 20-வது பல்பின் காலுக்கும் அளவெடுங்கள். நூற்றுச் சொச்சம் ஓம் வந்தால் அந்த 20-ம் நல்லது, அறுந்தது அடுத்த 20-ல். மீட்டர் ஓஎல் (OL) அல்லது வெறும் 1 காட்டினால், அதாவது வழியே இல்லை என்றால், அறுந்தது அதற்குள். அறுந்த பகுதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆறு அளவுக்குள் பல்பு சிக்கிவிடும். மாற்றிய பின் வரிசை முழுவதையும் ஒருமுறை அளந்து பாருங்கள், இரண்டாவது ஒன்றும் போயிருக்கலாம்.

பதில் 2:
கரண்ட் இருக்கும்போது டெஸ்டர் வைத்துத் தேடும் பழக்கம் உண்டு: பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) பக்கத்திலிருந்து அறுந்த இடம் வரை டெஸ்டர் எரியும், தாண்டினால் எரியாது. வேலை செய்யும், ஆனால் வேண்டாம். அறுந்த வரிசையில் மின்னோட்டம் இல்லை, எந்த நல்ல பல்பிலும் வோல்ட் விழாது; முழு 230 வோல்ட்டும் அந்த ஒரு இடைவெளியில் நிற்கும். ஆறு வோல்ட் பல்புதானே என்று ஹோல்டரில் விரல் வைத்தால் அடிப்பது 230.

பதில் 3:
போன பல்பை வெட்டிவிட்டு ஒயரை முறுக்கி ஒட்டுவதும் தவறு. 40 இருக்கும்போது ஒன்றுக்கு 5.75 வோல்ட். ஐந்தை வெட்டிவிட்டால் 6.57. இழை பல்பு 10 சதவீதம் கூடுதல் வோல்ட்டில் எரிந்தால் ஆயுள் மூன்றில் ஒன்றாகிவிடும், அடுத்தடுத்து போகும். மாற்றுப் பல்பும் 6 வோல்ட், 0.1 ஆம்பியரே வேண்டும். 0.05 ஆம்பியர் பல்பைப் போட்டால் தடை அதிகமாக இருப்பதால் வோல்ட்டைத் தானே இழுத்துக்கொண்டு உடனே பியூஸ் ஆகும். 0.3 போட்டால் அது மட்டும் மங்கி நிற்கும்.

கேட்டவர்:
27-வது பல்பு. மாற்றியதும் எரிகிறது. 80-ஐயும் பக்க இணைப்பில் போட்டு 6 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் இந்தத் தொல்லையே இருக்காதே?

பதில் 1:
தொல்லை இடம் மாறும். 80 × 0.1 = 8 ஆம்பியர். இப்போது பிளக்கில் ஓடுவது 0.2 தான். அந்த முடி போன்ற ஒயர் 8 ஆம்பியரில் சூடேறி இளகும். தடித்த ஒயர் போட்டாலும் நீளத்தில் வோல்ட் குறைந்து கடைசிப் பல்புகள் மங்கும்.