லாங் பிம்பிள் அங்கிள்கிட்ட தோத்துட்டே இருக்கேன், விஸ்காரியா வாங்கினா சரியாகுமா?

வேளச்சேரி_ஸ்மாஷ்:
எல்லாருக்கும் வணக்கம். அபார்ட்மெண்ட் கிளப்ஹவுஸ்ல ஆபீஸ் முடிஞ்சு வந்து டிடி (டேபிள் டென்னிஸ்) ஆடுறேன், வயசு 34, காலேஜ்ல ஆடினதோட சரி, கோச்சிங்னு எதுவும் போனதில்ல. கையில இருக்கிறது ஸ்போர்ட்ஸ் கடையில ரெடிமேடா விக்கிற பேட், ரப்பர் வழவழன்னு ஆயிடுச்சு. எங்க பிளாக்ல ரிட்டயர் ஆன அங்கிள் ஒருத்தர் இருக்கார், பேக்ஹேண்ட் பக்கம் லாங் பிம்பிள் (நீளமான முள்ளு முள்ளா வெளிய நீட்டிட்டு இருக்கிற ரப்பர்) போட்டிருக்கார், நின்ன இடத்த விட்டு நகரவே மாட்டார், நான் வேகமா அடிக்க அடிக்க பந்து அப்படியே செத்துப்போய் திரும்பி வருது, அடுத்தத அடிச்சா நெட்ல விழுது. மத்தவங்களோட ஆடும்போது நல்லாத்தான் போகுது. அதனால பட்டர்ஃபிளை கம்பெனி விஸ்காரியா பிளேடும் (ரப்பர் ஒட்டுற கட்டை) ரெண்டு பக்கமும் டெனர்ஜி 05 ரப்பரும் போடலாம்னு இருக்கேன், 20000 தாண்டும், வீட்லயும் சொல்லியாச்சு. பவர் ஏறினா அவரால பிளாக் பண்ண முடியாதுல்ல?

கோவை_லூப்பர்:
தம்பி, வாங்காதீங்க. நீங்க சொல்றதுலயே விடை இருக்கு. லாங் பிம்பிளுக்குன்னு சொந்தமா பெருசா ஸ்பின் கிடையாது, நீங்க போட்ட ஸ்பின்னத்தான் அது உங்களுக்கே திருப்பி அனுப்புது. நீங்க டாப்ஸ்பின் (பந்து முன்பக்கமா சுத்துறது) போட்டு அடிக்கிறீங்க, அவர் பிளாக் பண்றார், பந்து சுத்துற திசை மாறாம அப்படியே வருது, உங்க பக்கம் வந்து சேரும்போது அது பேக்ஸ்பின், அதாவது பின்பக்கமா சுத்துற பந்து. அத மறுபடி அதே மாதிரி நேரா அடிச்சா நெட்டுதான். இப்போ பவர கூட்டினா என்ன ஆகும்? இன்னும் கனமான பேக்ஸ்பின் வரும். டெனர்ஜில இப்பத்தவிட ஸ்பின் ஜாஸ்தி ஏறும், அதுவும் சேர்ந்து உங்ககிட்டயேதான் வரும்.

அடுத்தது விஸ்காரியா. நல்ல பிளேடுதான், சீன உலக சாம்பியன் ஃபேன் ஜென்டாங் ஆடின பிளேடு, ஆனா அஞ்சு மர அடுக்கு ரெண்டு ஆரிலேட் கார்பன் அடுக்கு, அந்த கார்பன் வெளி மரத்துக்கு நேரா அடியிலேயே இருக்கு. பந்து பட்ட உடனே கிளம்பிடும். கோச்சிங் இல்லாதவங்க கையில அது போனா ஸ்விங் தானா சுருங்கிடும், முழுசா வீசினா டேபிளுக்கு வெளிய போகுதேன்னு கை பயந்துக்கும், அந்தப் பயம் ஒரு தடவ ஒட்டிச்சுன்னா போறது கஷ்டம். ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் இல்லன்னா யாசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா, ரெண்டுமே முழு மரம், 5 பிளை (அஞ்சு அடுக்கு). அதுல யாசாகா மார்க் ஃபைவ் ரப்பர், அடி ஸ்பாஞ்ச் 1.8 எம்எம், ஒட்டுங்க. மிச்சக் காசுக்கு நல்ல கோச் ஒருத்தர பிடிங்க.

டாப்ஸ்பின்_தாமரை:
கோவை அண்ணா, பிளேடு விஷயம் அப்புறம் பேசலாம், மார்க் ஃபைவ் சொல்றதுதான் எனக்கு சுத்தமா ஒத்துவரல. அது 1969ல வந்த ரப்பர். அதுலதான் உலக சாம்பியன்லாம் ஆடினாங்கன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க, ஆனா அவங்க அது மேல ஸ்பீடு க்ளூ போட்டு ஆடினாங்க, மேட்ச்சுக்கு முன்னாடி புதுசா பசை தடவி ஸ்பாஞ்ச ஊத வெச்சு, அதுல வர்ற துள்ளல்ல ஆடினாங்க. 2008ல அத தடை பண்ணிட்டாங்க. அந்தத் துள்ளல ரப்பருக்குள்ளயே கொண்டுவரத்தான் டென்ஷன் ரப்பர்லாம் இவ்ளோ பரவிச்சு, டெனர்ஜி வந்ததும் அதே 2008தான். அதுக்கு மேல 2014ல செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பால் வந்துச்சு, ஸ்பின் குறைஞ்சுது. அன்னைக்கு மார்க் ஃபைவ் கொடுத்தத இன்னைக்கு பசையும் இல்லாம இந்த பாலும் வெச்சு எப்படி எதிர்பார்க்கிறீங்க?

வளர்ந்த ஆளு, ஆபீஸ் முடிச்சு ஒரு மணி நேரம் ஆடுறார். ஸ்பின் போட்டா ஸ்பின் ஏறுதுன்னு கையில தெரியணும், அப்பதான் அந்த ஸ்ட்ரோக்க திரும்பத் திரும்பப் போடத் தோணும். செத்த ரப்பர்ல பிரஷ் பண்ணி (பந்த உரசி) என்னத்த கத்துக்கிறது? யாசாகாலயே ரக்ஸா 7 இருக்கு, எக்ஸியோம் வேகா யூரோப் இருக்கு, ரெண்டும் டெனர்ஜி விலை கிடையாது.

கோவை_லூப்பர்:
தாமரை, ஸ்பீடு க்ளூ பத்தி நீங்க சொன்னது உண்மைதான். ஆனா அது டேபிளுக்குப் பின்னாடி மூணு மீட்டர் போய் லூப் (டாப்ஸ்பின் ஏத்தி பெருசா வீசுறது) அடிக்கிறவங்க கதை. இவர் கிளப்ஹவுஸ்ல பின்னாடி சுவரு எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கேளுங்க. அதோட துள்ளுற ரப்பருக்கு எதிராளியோட ஸ்பின் உடனே தெரியும், சர்வீஸ் ரிசீவ் பண்ணும்போது லேசா தொட்டாலே பந்து எகிறிடும். நம்ம மாதிரி ஆளுங்க பாயிண்ட்ட விடுறது பெரும்பாலும் ரிசீவ்லதான், ராலில இல்ல.

வேளச்சேரி_ஸ்மாஷ்:
பின்னாடி ரெண்டு மீட்டர்தான் அண்ணா இருக்கும், ஒரு பக்கம் கேரம் போர்டு வேற. சீலிங் ஃபேன் ஓடுறப்ப பந்து லைட்டா அலையும்.

டாப்ஸ்பின்_தாமரை:
அப்போ இன்னும் நல்லதாப்போச்சு. ரெண்டு மீட்டர்ல பெரிய ஸ்விங்குக்கே இடமில்ல, டேபிள் பக்கத்துலயே நின்னு சின்ன ஸ்ட்ரோக்லதான் ஆடணும், சின்ன ஸ்ட்ரோக்குக்கு ரப்பர்தான் உதவி பண்ணணும். ரிசீவுக்கு சின்ன வேல ஒண்ணு இருக்கு, கைப்பிடிய இறுக்கிப் பிடிக்காம பந்து படுற நேரத்துல தளர்வா விட்டா எந்த ரப்பரா இருந்தாலும் எகிறாது. அத கத்துக்கிட்டாப் போதும்.

தாம்பரம்_டிரைவ்:
நீங்க ரெண்டு பேரும் ரப்பர் பத்தி பேசிட்டு இருக்கீங்க, அசல் பிரச்சனை அந்த லாங் பிம்பிள்தான். என்னக் கேட்டா பொழுதுபோக்குக்கு ஆடுற இடத்துல அத விடவே கூடாது. ஆட்டம்னா ராலி ஓடணும், பார்க்கிறவங்களுக்கும் நல்லா இருக்கணும். இவர் மாதிரி புதுசா ஆர்வமா வர்றவங்க நாலு வாரம் அவர்கிட்ட தோத்தா பேட்ட வெச்சுட்டு ஷட்டிலுக்குப் போயிடுறாங்க, எங்க காலனிலயும் அப்படித்தான் பாதிப் பேர் போயிட்டாங்க. இதுல அந்தப் பெரியவருக்கு ஆட்டம் என்ன தெரியும்? ரப்பர்தான் ஆடுது.

பிம்பிள்_பாண்டியன்:
வணக்கம். மதுரைல இருந்து எழுதுறேன், நானும் பேக்ஹேண்ட்ல லாங் பிம்பிள்தான், முழங்கால் போனதுக்கு அப்புறம் மாறினேன். ரப்பர்தான் ஆடுதுன்னு சொல்றது பெரிய அநியாயம் சார். மணிகா பத்ரா 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்ல ஒற்றையர் தங்கம் வாங்கினாங்க, அவங்க பேக்ஹேண்ட் பக்கமும் பிம்பிள்தான், அவங்களையும் ரப்பர்தான் ஜெயிக்க வெச்சுதா? ஸ்பின்ன ஏமாத்துற சமாச்சாரத்துக்கெல்லாம் ரூல் எப்பவோ வந்தாச்சு. ரெண்டு பக்கமும் ஒரே கலர்ல ஒட்டிட்டு பேட்ட கைக்குள்ளயே திருப்பித் திருப்பி ஆடினாங்க, அதனால 1980கள்ல ரெண்டு பக்கமும் வேற வேற கலர் இருக்கணும்னு கொண்டுவந்தாங்க. வழுக்குற மாதிரி இருந்த பிம்பிளையெல்லாம் 2008ல எடுத்துட்டாங்க. இப்ப இருக்கிறது அனுமதிச்ச ரப்பர். மேட்ச்சுக்கு முன்னாடி எதிராளி பேட்ட வாங்கிப் பார்க்கிறது உங்க உரிமை, ரூல்லயே இருக்கு, கேளுங்க, அவரு சந்தோஷமா காட்டுவாரு.

எங்க மாதிரி வயசானவங்களுக்கு இந்த ரப்பர் இல்லன்னா டேபிள் பக்கமே வர முடியாது. அதையும் எடுத்துட்டா நாங்க எங்க போறது?

வேளச்சேரி தம்பி, பிம்பிளுக்கு எதிரா எப்படி ஆடணும்னு பிம்பிள் ஆடுறவனே சொல்றேன் கேளுங்க. முதல்ல அவர் பேட் கலர மனசுல வெச்சுக்கோங்க, எந்தக் கலர்ல பிம்பிள்னு. பிம்பிள் பக்கத்துக்கு ஸ்பின்னே இல்லாத பந்து நீளமா, டேபிள் கடைசில விழற மாதிரி தள்ளுங்க. ஸ்பின் இல்லாத பந்த வெச்சு எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, மிதந்துதான் வரும், அத அடிங்க. அடிச்சது திரும்பி வந்தா அது பேக்ஸ்பின்னு தெரிஞ்சுபோச்சு, அத அடிக்காதீங்க, புஷ் பண்ணுங்க, அதாவது பந்துக்கு அடியில மெதுவா உரசித் தள்ளுங்க. அந்தப் புஷ் பேக்ஸ்பின்னா எங்க பிம்பிள்ல பட்டா ஸ்பின் இல்லாமலோ லேசான டாப்ஸ்பின்னாவோ வரும், அது உங்களுக்கு லட்டு. ஒண்ணு அடி, ஒண்ணு புஷ், ஒண்ணு அடி. இதப் பிடிச்சுட்டா அவர் நகர்ந்துதான் ஆகணும்.

தாம்பரம்_டிரைவ்:
பாண்டியன் சார், உங்க முழங்கால் விஷயம் புரியுது, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா மணிகா நாள் பூரா பயிற்சி பண்றவங்க, எதிர்ல இருக்கிறவங்களும் அதே அளவு பயிற்சி பண்றவங்க. கிளப்ஹவுஸ்ல எதிர்ல இருக்கிறவனுக்கு ஸ்பின்னுன்னா என்னன்னே தெரியாது. அந்த வித்தியாசத்துலதான் பாயிண்ட் வருது, அது எனக்கு நியாயமாப் படல.

பிம்பிள்_பாண்டியன்:
ஸ்பின் தெரியாதவன் நல்ல சர்வீஸ்லயும்தான் தோக்கப் போறான். அப்போ ஸ்பின் சர்வீஸும் போடக்கூடாதுன்னு சொல்வீங்களா?

கோவை_லூப்பர்:
பாண்டியன் அய்யா சொன்ன ஒண்ணு அடி ஒண்ணு புஷ் விஷயத்த பிரிண்ட் எடுத்து ஒட்டி வெச்சுக்கோங்க தம்பி. அதுல ஒரு இடத்த மட்டும் விளக்கிச் சொல்லணும். அந்த செத்த பந்து வரும்போது புஷ் பண்ணாம அடிக்கணும்னு ஆசை இருந்தா, பேட்ட முன்னாடி தள்ளக் கூடாது. முழங்கால மடக்கி இறங்கி, பேட் முழங்கால் உயரத்துல இருந்து கிளம்பணும், பந்து உச்சி தாண்டி லேசா இறங்கும்போது பின்பக்கத்த ரப்பரால உரசிக்கிட்டே மேல தூக்கணும். அடிச்ச சத்தம் கேட்கக் கூடாது, உரசின சத்தம்தான் கேட்கணும். டக்குனு மரச் சத்தம் வந்தா பந்த நேரா குத்திட்டீங்கன்னு அர்த்தம். இந்த சத்த வித்தியாசம் முழு மர பிளேடுல காதுக்கும் கைக்கும் தெளிவாத் தெரியும், கார்பன்ல எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனாலதான் மரம் மரம்னு தலைபாடா அடிச்சுக்கிறேன்.

தனியா இருக்கும்போது சர்வீஸ் போடுங்க. ஒரு பக்கெட் பிராக்டிஸ் பால் வாங்கிக்கோங்க, மேட்ச்சுக்கு வாங்குற 3 ஸ்டார் பால் வேண்டாம். கைல இருந்து 16 செமீயாவது நேரா மேல போடணும், நிறைய பேர் கிளப்ல கைலயே வெச்சு அடிக்கிறாங்க, அது சர்வீஸே இல்ல. பேக்ஸ்பின் சரியா ஏறிச்சான்னு பார்க்க ஒரு வழி, எதிர்ப்பக்கம் விழுந்த பந்து நெட்ட நோக்கித் திரும்பி வரணும், இல்லாட்டி நின்னாவது போகணும்.

டாப்ஸ்பின்_தாமரை:
உரசுற சத்தம் பத்தி சொன்னீங்களே அண்ணா, உரசினா பிடிக்கிற ரப்பர் வேணும்னுதான நானும் கேட்கிறேன்! பிளேடு 5 பிளை மரம், அதுல உங்க பக்கம் வந்துட்டேன். ஃபோர்ஹேண்டுக்கு ரக்ஸா 7, 2.0 எம்எம். இதுல மாற மாட்டேன். சென்னைல இன்னொண்ணு இருக்கு, மழை மாசத்துல ஹால்ல ஈரம் ஏறினா ரப்பர் மேல பனி மாதிரி படிஞ்சு பந்து வழுக்கும், பழைய ரப்பர்னா கேட்கவே வேண்டாம். பாயிண்ட்டுக்கு நடுவுல துணியால துடைங்க, ஆடி முடிச்சதும் தண்ணி தொட்ட ஸ்பாஞ்சால துடைச்சு, மேல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி கவர்ல வைங்க. வெயில்ல நிறுத்தின கார்ல விட்டுறாதீங்க.

வேளச்சேரி_ஸ்மாஷ்:
ரொம்ப நன்றி. விஸ்காரியா இப்போதைக்கு இல்ல. ஆல்ரவுண்ட் கிளாசிக், ஃபோர்ஹேண்ட் ரக்ஸா 7 2.0, பேக்ஹேண்ட் மார்க் ஃபைவ் 1.8, ரெண்டு பேரு சொன்னதும் ஆச்சு. நேத்து பாண்டியன் சார் சொன்ன மாதிரி அங்கிள் பேட்ட கேட்டு வாங்கிப் பார்த்தேன், பிம்பிள் கருப்புப் பக்கம், ஸ்பாஞ்சே இல்ல, விரலால தொட்டா ஒவ்வொண்ணும் சாயுது. நாளைக்கு காலைல தனியா அரை மணி நேரம் எனக்கு பிம்பிள்ல பிளாக் போட்டுத் தர்றேன்னு அவரே சொன்னார். ரப்பர கடையிலேயே ஒட்டித் தரச் சொல்லவா, நானே ஒட்டவா?

கோவை_லூப்பர்:
நீங்களே ஒட்டுங்க, பிறகு மாத்தும்போது கைப்பழக்கம் இருக்கும். வாட்டர் க்ளூ, பிளேடுல ஒரு கோட் ஸ்பாஞ்ச்ல ஒரு கோட் மெலிசா, வெள்ளை போய் கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் ஒட்டணும், அவசரப்பட்டா குமிழ் வரும். கைப்பிடி பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு மேல நோக்கி உருட்டி ஒட்டுங்க. பேக்ஹேண்டுக்கு மார்க் ஃபைவ் எடுத்தது நல்லது.

டாப்ஸ்பின்_தாமரை:
அது தேஞ்சதும் அந்தப் பக்கமும் டென்ஷன் ரப்பர் போடுங்க, அப்போ கோவை அண்ணாகிட்ட நானே பேசிக்கிறேன்.