கம்மாக்கரை விவசாயக் குழு: மானாவாரி நெல் வாட்டம்

செல்வி: மாமா, புரட்டாசியில காஞ்ச புழுதியில விதைச்சது, அண்ணா 4 நெல் ரகம். இன்னைக்கு 38 நாள். ரெண்டு வாரமா மழை இல்ல. இலை சுருளுது. யூரியா போட்டா தேறுமா?

கருப்பையா: வேண்டாம்த்தா. காஞ்ச மண்ணுல வேர் எடுக்காது. பனி ஈரத்துல கரையுறது காத்தோட போயிரும். மிச்சம் மழை விழுந்ததும் ஒரே மூச்சா ஏறி, கரும்பச்சை கட்டி, குலைநோயில நிக்கும். மழைக்கப்புறம் ஈரம் பார்த்து ஏக்கருக்கு 20 கிலோ போடு. எப்ப சுருளுது?

செல்வி: 12 மணி வெயில்ல. காலையில விரிஞ்சுதான் இருக்கு.

கருப்பையா: அப்ப வேருக்கு இன்னும் ஈரம் எட்டுது. காலை 7 மணிக்கும் விரியலைன்னாதான் ஆபத்து.

பாண்டி: அத்தாச்சி, பொட்டாஷ் 1 சதம் அடிங்க. 10 லிட்டருக்கு 100 கிராம். சிவப்பு பொட்டாஷ்ல கசடு இருக்கும், நேரா டேங்குல கொட்டினா நாசில் அடைக்கும். வாளியில கரைச்சு துணியில வடிகட்டுங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேல. இலை வழியா தண்ணி போறது குறையும். களையை முதல்ல எடுத்துருங்க, இருக்கிற ஈரத்தை அதுதான் குடிக்குது.

செல்வி: 📷 மேட்டுப் பக்கம் மட்டும் இப்படி வெளுத்திருக்கு.

பாண்டி: குருத்து வெளுத்து, அடியிலை பச்சையா இருக்கா? அது இரும்புச்சத்துக் குறை. தண்ணி நிக்காத நெல்லுல சகஜம். தழைச்சத்துக் குறைன்னா அடியிலைதான் முதல்ல மஞ்சளாகும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) 50 கிராம், யூரியா 100 கிராம், 10 லிட்டர் தண்ணி, எலுமிச்சம்பழம் பாதி பிழிஞ்சு அன்னைக்கே அடிச்சிருங்க. வச்சிருந்தா துருப்பிடிச்ச நிறமாயிரும், பிரயோசனமில்ல.

செல்வி: கம்மாயில ஒரு மடை தண்ணிதான், ஒரே ஒரு தடவை பாய்ச்சத்தான் தருவாங்களாம். இப்பவே பாய்ச்சிரவா?

கருப்பையா: இப்ப பாய்ச்சாத. இந்த வயசுல வாடினா தூர் (அடியில வெடிக்கிற பக்கக் கிளை) குறையும், மழை வந்தா கொஞ்சம் ஈடுகட்டும். பொதி கட்டி (தண்டுக்குள்ள கதிர் உருண்டு) பூக்கிறப்ப வாடினா ஈடே கிடையாது. மகரந்தம் செத்துரும், கதிர் பாதிதான் வெளிய வரும், அத்தனையும் மணி பிடிக்காத சாவி. அண்ணா 4 கிட்டத்தட்ட 75 நாள்ல பூ வாங்கும். 65 நாளுக்கு மேல ஒரு வாரம் மழை இல்லைன்னா அப்ப திற. மழை இப்பல்லாம் ரெண்டு நாள்ல கொட்டிட்டு மாசக்கணக்குல காணாமப் போகுது, அந்த மடையை நம்பித்தான் மகசூல்.

பாண்டி: அதுக்குள்ள தண்ணி ஒழுகாம வரப்புல எலி வளை, நண்டு வளை எல்லாம் அடைச்சு வைங்க அத்தாச்சி.

செல்வி: பொட்டாஷோட பூச்சி மருந்தும் கலந்துரலாமா? ஆள் கூலி மிச்சம்.

கருப்பையா: வேண்டாம், வாடின இலை கருகிரும். இப்ப பூச்சி எதுவும் இல்லையே!