தனியாகக் கப்பலேறப் போகிறேன், வழி சொல்லுங்கள்
வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். 29 வயதாகியும் கண்டிக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. ஏப்ரல் விடுமுறையில் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் போய், பத்து நாள் தனியாகச் சுற்றிவர நினைக்கிறேன். என் பாட்டியின் பாட்டி இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்தவராம். அந்தத் துணிவு எனக்குள் கொஞ்சமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்மா என் பாஸ்போர்ட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எடுத்துத் தரவும் இல்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

இப்படிப் போய்வந்த அக்காமாரே, கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் என்ன செய்தீர்கள்? தஞ்சாவூரில் தனியாக வரும் பெண் நம்பித் தங்கக்கூடிய விடுதி எது? முக்கியமாக, வீட்டில் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினீர்கள்?