புது காம்பாக்ட் கேமரா, படத்துல வலது பக்கம் மங்கலா வருது: வீட்லயே எப்படி டெஸ்ட் பண்றது?

மழைமேகம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா காசு சேத்து வெச்சு ஒரு காம்பாக்ட் கேமரா வாங்கியிருக்கேன். 1/2.3 இன்ச் சென்சார், 20 மெகாபிக்சல், 24லேர்ந்து 720 மிமீ வரைக்கும் ஜூம். ஜன்னலுக்கு வர்ற பறவைங்கள எடுக்கணும்ங்கிறதுதான் ஆசை.

வந்த அன்னிக்கே சாயங்காலம் ரூம் லைட்ல அம்மாவ ஒரு படம் எடுத்தேன், பெருசாக்கி பாத்தா தலைமுடி ஒவ்வொண்ணா தெரியாம பிரஷ்ஷால தீட்டின மாதிரி இருக்கு, பின்னாடி அலமாரியில இடது பக்கம் இருக்கிற புக்கோட பேரெல்லாம் படிக்க முடியுது ஆனா வலது பக்கம் இருக்கிறதெல்லாம் கலங்கலா இருக்கு. அதே இடத்துல போன்ல எடுத்தா இதவிட க்ளீனா வருது. மனசே விட்டுப்போச்சு.

திருப்பிக் கொடுக்க 10 நாள் டைம், அதுல 4 நாள் போயிடுச்சு. கேமராவுல கோளாறா, இந்த வகை கேமராவே இப்படித்தானா, இல்ல நான் எடுக்கிற விதம் தப்பான்னு எனக்கு பிரிச்சு பாக்கத் தெரியல. லேப் சாமானெல்லாம் கிடையாது, ஒரு சின்ன ட்ரைபாட் இருக்கு. வழி சொல்லுங்க.

ஒளிச்சிதறல்:

நீங்க சொன்னதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, முதல்ல அத பிரிச்சிடுவோம்.

தலைமுடி தீட்டின மாதிரி வந்தது பெரும்பாலும் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை. அந்த படத்தோட எக்ஸிஃப் தகவல (படத்தோடயே கேமரா பதிச்சு வைக்கிற செட்டிங் விவரம்) பாருங்க, ஷட்டர் ஸ்பீடும் ஐஎஸ்ஓவும் (வெளிச்சத்த கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுதுங்கிற அளவு) என்ன இருக்குன்னு. உங்க சென்சார் சுமாரா 6.2க்கு 4.6 மிமீதான், சுண்டு விரல் நகத்தவிட சின்னது. 1 இன்ச் சென்சார்னு சொல்றது 13.2க்கு 8.8 மிமீ (பேருதான் 1 இன்ச், அது பழைய வீடியோ கேமரா டியூபோட விட்டத்த வெச்சு வந்த பேரு), பரப்பளவுல உங்களோடதவிட நாலு மடங்கு. வெளிச்சம் கம்மியானா கேமரா ஐஎஸ்ஓவ ஏத்தும், புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், அத மறைக்க ஜேபெக் ஆக்கும்போதே வழிச்சு விட்டுடும், அந்த வழிப்புல முடி, புல்லு, துணி நெசவெல்லாம் சேந்து போயிடும். போன் அப்படியில்ல, பல ஃப்ரேம் எடுத்து ஒண்ணா சேத்துதான் குடுக்குது, அதான் க்ளீனா தெரியுது.

ஆனா வலது பக்கம் மட்டும் கலங்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. நாய்ஸ் ரிடக்‌ஷனோ கை ஆட்டமோ ஒரு பக்கமா மட்டும் வராது, படம் பூரா வரும். அலமாரி கொஞ்சம் சாய்வா நின்னு ஃபோகஸ் தள்ளிப் போயிருக்கலாம், இல்லன்னா லென்ஸ்ல கோளாறு. இத கண்டுபிடிக்க ஒரு சுவரும் பழைய பேப்பரும் போதும்.

நல்ல பகல் வெளிச்சம் விழுற சுவர்ல பேப்பர் தாள ஒட்டுங்க, நடுவுல ஒண்ணு, நாலு மூலையிலும் ஒவ்வொண்ணு. 24 மிமீல 2 மீட்டர் தள்ளி வெச்சா கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம் ஃப்ரேம்ல விழும், அத கணக்கு பண்ணி ஒட்டுங்க. மூலைத் தாள்கள்ல ஸ்கெட்ச் பேனாவால பெருசா நம்பர் போடுங்க, மேல இடது 1, மேல வலது 2, கீழ இடது 3, கீழ வலது 4. இத மட்டும் விட்டுடாதீங்க, பின்னாடி எந்த மூலை எதுன்னே குழம்பிடும்.

கேமரா சுவருக்கு நேரா நிக்கணும். அதுக்கு ஒரு கைக்கண்ணாடிய சுவர்ல நடுவுல தட்டையா ஒட்ட வெச்சுப் பிடிங்க, ஸ்க்ரீன்ல உங்க லென்ஸோட பிம்பம் சரியா நடுவுல தெரியணும். தெரியுற வரைக்கும் ட்ரைபாட நகத்துங்க. அப்புறம் ஐஎஸ்ஓவ குறைஞ்சதுல வெச்சு, ஸ்டெபிலைசர (கை ஆட்டத்த சமாளிக்கிற வசதி) ஆஃப் பண்ணிட்டு, 2 செகண்ட் டைமர்ல, ஒவ்வொரு தடவையும் புதுசா ஃபோகஸ் பண்ணி மூணு படம் எடுங்க. ஒரே ஒரு படத்த வெச்சு முடிவு பண்ணக்கூடாது, ஆட்டோ ஃபோகஸ் ஒரு தடவை தவறினாலே நல்ல லென்ஸும் மோசமாத் தெரியும்.

அடுத்தது முக்கியம். கேமராவ தலைகீழா வெச்சு அதே மூணு படம். சுவர்ல அதே நம்பர் தாளே திரும்பவும் மங்கினா நீங்க வெச்ச கோணம்தான் தப்பு. மங்கல் வேற நம்பருக்கு தாவிச்சுன்னா தப்பு லென்ஸ்ல.

வெட்டவெளி:

எல்லா காம்பாக்ட் கேமராவுலயும் ஓரம் கொஞ்சம் சாஃப்டாதான் வரும் ப்ரோ. ஒரு வாரம் எடுத்துப் பாருங்க, பழகிடும்.

ஒளிச்சிதறல்:

ஓரம் சாஃப்டா இருக்கிறது சகஜம்தான் வெட்டவெளி, மறுக்கல. ஆனா நாலு மூலையும் ஏறக்குறைய ஒரே அளவுல சாஃப்டா இருக்கணும். மூணு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா அது சகஜம் இல்ல. டைம் இருக்கும்போதே பாத்துடறதுதான் நல்லது, 10 நாள் போச்சுன்னா அவங்க கைல ஒண்ணுமே இல்ல.

காலைவெளிச்சம்:

சுவர் டெஸ்ட் அருமை, அதோட நான் ரெண்டு மூணு சேத்துக்கிறேன், ஏன்னா இவங்களுக்கு வேண்டியது பறவை, சுவர் இல்ல.

அப்பர்ச்சர (லென்ஸ்ல ஒளி நுழையிற துவாரம், எஃப் நம்பர் ஏற ஏற அது சின்னதாகும்) அதிகம் மூடினா ஷார்ப்பா வரும்னு படிச்சிட்டு எஃப் 8ல வெச்சு டெஸ்ட் பண்ணிடாதீங்க. பெரிய கேமராவுக்கு அது சரி, இதுக்கு நேர் எதிர். எஃப் 8ல ஒளி வளைஞ்சு பரவுறதால ஒரு ஒளிப்புள்ளியே சென்சார் மேல 10 மைக்ரான் அகலத்துக்கு மேல விழும், உங்க பிக்சல் ஒண்ணோட அகலம் 1.2 மைக்ரான் சுமாருக்குதான். அதனால முழுசா திறந்து வெச்சே டெஸ்ட் பண்ணுங்க. 720 மிமீல இந்த மாதிரி லென்ஸ் எஃப் 6 பக்கத்துலதான் நிக்கும், அங்க மொத்தமா ஒரு மென்மை இருக்கத்தான் செய்யும், அது கோளாறு இல்ல, அத காரணமா சொல்லி திருப்பிக் கொடுக்காதீங்க.

ஜூம் டெஸ்டுக்கு மத்தியானம் தூரத்து கோபுரத்தையோ மரத்தையோ எடுக்க வேண்டாம். சூடான காத்து நெளியுறதுல எந்த லென்ஸும் கலங்கலாத்தான் தெரியும், நான் ஒரு தடவை அப்படித்தான் நல்ல லென்ஸ சந்தேகப்பட்டு ரெண்டு நாள் தூக்கம் கெட்டேன். காலையில, 15 மீட்டர் தூரத்துல இருக்கிற மரப்பட்டையோ இலையோ எடுங்க.

ஐஎஸ்ஓவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டரும் நாலஞ்சு கலர்ல நூல்கண்டும் ஜன்னல் ஓரமா வைங்க. 100, 200, 400, 800, 1600, 3200ன்னு வரிசையா ஒவ்வொண்ணு. நூல்கண்டுல இழை இழையா சுத்தியிருக்கிறது எந்த ஐஎஸ்ஓ வரைக்கும் தெரியுதுன்னு பாருங்க. சிவப்பு நூல்கண்டத்தான் நான் முதல்ல பாப்பேன், நான் வெச்சிருந்த எல்லா கேமராவுலயும் இழை முதல்ல காணாமப் போனது அதுலதான். இழை மொத்தமா மறைஞ்சு வெறும் சிவப்பு உருளை ஆகுற இடத்துக்கு ஒரு படி கீழதான் உங்க எல்லை.

படத்த 100 சதவீதத்துக்கு பெருசாக்கி பாக்கிறது கோளாறு தேட மட்டும்தான். 20 மெகாபிக்சல்னா 5184க்கு 3888 பிக்சல், 300 டிபிஐல (இன்ச்சுக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட்டா 17 இன்ச் அகலம் வரும். ஏ4க்கு 9 மெகாபிக்சல் கூட தேவைப்படாது. அவ்வளவு பெருசாக்கி பாத்துட்டு படம் மோசம்னு மனச கஷ்டப்படுத்திக்க வேண்டாம்.

மழைமேகம்:

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இன்னிக்கு லீவு போட்டு முழுக்க இதே வேலை. அம்மா படத்துல ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/20ன்னு இருக்கு, அது ஏன் அப்படி வந்துச்சுன்னு இப்ப புரியுது.

சுவர் டெஸ்ட்ல நடுவுல இருந்த தாள்ல பொடி எழுத்து வரைக்கும் படிக்க முடியுது, 1, 3, 4 கொஞ்சம் சாஃப்ட் ஆனா படிக்கலாம். 2ம் நம்பர் தாள்ல ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல நிழல் மாதிரி இன்னொரு எழுத்து, மூணு படத்துலயும் அப்படியே. கேமராவ தலைகீழா வெச்சதும் 2 நல்லா வந்துடுச்சு, 3 கலங்கிடுச்சு! 50 மிமீல லேசா இருக்கு, 200க்கு மேல ஒண்ணும் தெரியல. அப்ப லென்ஸ்தானே?

ஒளிச்சிதறல்:

லென்ஸ்தான், சந்தேகமே இல்ல. டீசென்டரிங்னு சொல்லுவாங்க. இந்த ஜூமெல்லாம் ஆஃப் பண்ணா அடுக்கடுக்கா உள்ள போய் மடங்குற அமைப்பு, உள்ள இருக்கிற கண்ணாடில ஒண்ணு இம்மியளவு சாஞ்சாலோ நகந்தாலோ ஒரு மூலை போயிடும். வீட்ல சரி பண்ண முடியாது.

நேரா போட்டது ஒண்ணு, தலைகீழா போட்டது ஒண்ணு, ரெண்டு படத்தையும் எடுத்துட்டுப் போங்க. படம் நல்லா இல்லன்னு பொதுவா சொன்னா செட்டிங்க மாத்துங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, கேமராவ எப்படி வெச்சாலும் லென்ஸோட அதே மூலைதான் கெடுதுன்னு காட்டுங்க. மாத்தித் தர்ற பீஸுக்கும் இதே சுவர் டெஸ்ட் பண்ணுங்க. கூடவே அப்பர்ச்சர நல்லா மூடி ஒரு வெள்ளைச் சுவர ஃபோகஸ் இல்லாம எடுத்து கரும்புள்ளி இருக்கான்னு பாருங்க, இருந்தா உள்ள தூசி, இந்த கேமராவுல நாமளா திறந்து துடைக்க வழி கிடையாது. இருட்டுல லென்ஸ கருப்புத் துணியால மூடி ஒரு செகண்ட் எக்ஸ்போஷர், பளிச்னு கலர் புள்ளி ஏதாவது நிக்குதான்னு அதுலயும் பாருங்க.

மழைமேகம்:

மாத்திக் கொடுத்துட்டாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினதும் வேற கேள்வியே கேக்கல.

புது பீஸ்ல நாலு மூலையும் ஒரே மாதிரி, நடுவவிட கொஞ்சம் சாஃப்ட், அவ்வளவுதான். தூசி இல்ல, புள்ளி இல்ல. நூல்கண்டு டெஸ்ட்ல மஞ்சளும் பச்சையும் 1600 வரைக்கும் தாங்குது, சிவப்பு 1600லயே வெறும் உருளை ஆயிடுது, அதனால ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு 800ன்னு எல்லை போட்டுட்டேன்.

இன்னிக்கு காலையில ஜன்னல் கம்பில ஒரு சிட்டுக்குருவி வந்து உக்காந்துச்சு. ஐஎஸ்ஓ 400, 1/250. பெருசாக்கி பாத்தா நெஞ்சுல இருக்கிற இறகு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது தெரியுது, அதோட கண்ணுக்குள்ள எங்க ஜன்னல் சின்னதா வெள்ளைக் கட்டமா விழுந்திருக்கு. அம்மாகிட்ட காட்டினேன், பிரிண்ட் போட்டு வைன்னு சொல்லியிருக்காங்க.