கிரையோகோனைட்: ‘பனித்தூசு’ போதாது, ‘கருவண்டல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். பனியாறுகளின் மேல் சிறு குழிகளின் அடியில் படிந்து கிடக்கும் கறுப்புப் படிவுக்குக் கிரையோகோனைட் என்று பெயர். காற்று மாசு பற்றிய நம் கலைச்சொல் இழையில் அதற்குத் தமிழ்ச்சொல்லாக வந்த யோசனைகளை மேற்கோளிட்டுப் பதில் எழுதுகிறேன்.

> கிரையோகோனைட் = பனித்தூசு. கிரேக்கத்தில் ‘கிரையோஸ்’ குளிர், ‘கோனிஸ்’ தூசு. நேராகப் பொருந்துகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, கிரேக்க வேருக்குப் பொருந்துகிறது, சரி. பொருளுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் என் கேள்வி. 1870இல் துருவப் பயண ஆய்வாளர் நோர்டென்ஷோல்ட் கிரீன்லாந்தின் பனிக்கட்டிப் பரப்பில் உள்ளே போனபோது, வழியெங்கும் சிறு சிறு குழிகளையும் அவற்றின் அடியில் சாம்பல் நிறப் பொடியையும் பார்த்தார். அதில் ஒரு பங்கு விண்ணிலிருந்து விழுந்ததாக இருக்கலாம் என்று நினைத்து, தூசு என்றே பெயர் வைத்தார். கூடப் போன தாவரவியலாளர் ஸ்வென் பெர்க்ரென் அதே இடத்தில் பாசி வகைகளைக் கண்டு எழுதினார். ஆக, உயிர் இருப்பது முதல் பயணத்திலேயே தெரிந்துவிட்டது. பெயரில்தான் அது ஏறவில்லை. அந்தக் குறையை நாமும் ஏன் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்?

குழி எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் சொல் தேடுவது எளிதாகும். காற்றில் வரும் மண்துகள், புகைக்கரி, எரிமலைச் சாம்பல் எல்லாம் பனியாற்றின் மேல் படிகின்றன. கறுப்பாக இருப்பதால் சுற்றியுள்ள வெள்ளைப் பரப்பைவிட அதிக வெயிலை வாங்கிச் சூடேறி, அடியில் இருக்கும் பனிக்கட்டியை உருக்கிக்கொண்டு இறங்குகின்றன. மேலே ஓரிரண்டு சாண் தெளிந்த நீர், கீழே தட்டையான தரை, அதில் மெல்லிய கறுப்புப் படுகை. ஆழம் கூடக் கூட வெயில் குறையும். ஒரு கட்டத்தில் அடித்தரை இறங்கும் வேகமும் மேற்பரப்பு உருகும் வேகமும் சமமாகி, குழி அந்த ஆழத்திலேயே நிற்கும்.

அந்தப் படுகையில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தால் பொடியாக இருக்காது. சிறு சிறு மணிகளாகத் திரண்டிருக்கும். இழை போன்ற நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் துகள்களைப் பின்னிப் பிணைக்கின்றன, அவை சுரக்கும் பிசின் ஒட்டவைக்கிறது. தூசு என்றால் ஊதினால் பறக்க வேண்டும். இது பறந்து வந்து, இறங்கி, தங்கி, தன்னைத்தானே கட்டிக்கொண்ட ஒன்று.

நம் பேச்சு காற்று மாசைப் பற்றியது என்பதால் அந்தப் பிசினைக் கவனிக்க வேண்டும். ஈயம் போன்ற உலோகங்களையும் கதிரியக்கத் துகள்களையும் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1950, 60களில் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்த சீசியம்-137 (கதிரியக்கத் தனிமம்) வட துருவப் பகுதியில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் பனியாறுகளில், இந்தப் படுகைகளில் இன்னும் கிடக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் 1986 செர்னோபில் விபத்தின் சீசியமும் சேர்ந்திருக்கிறது. சுற்றுப்புற மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இங்கே தேங்கியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் அவ்வளவு சீக்கிரம் போகவும் போகாது.

> தூசு வேண்டாமென்றால் ‘பனிக்கசடு’ வைத்துவிடலாமே. அடியில் தங்குவது என்ற பொருள் வந்துவிடுகிறது.

கசடு என்றால் வேண்டாதது, வடித்தெறிய வேண்டியது. பனியாற்றின் மேல் உயிர்கள் செழிக்கும் முக்கியமான இடத்துக்கு அந்தப் பெயர் அநியாயம். ‘மண்டி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எண்ணெய் மண்டி என்று தினமும் சொல்கிற சொல்தான், ஆனால் காய்கறி மண்டியும் கூடவே வந்துவிடுகிறது.

என் பரிந்துரை கருவண்டல். நீர் கொண்டுவந்து சேர்த்தது, படிந்தது, வளமானது என்ற மூன்றும் ‘வண்டல்’ என்றதுமே டெல்டாக்காரர் காதில் ஒலிக்கும். இங்கே கொண்டுவந்ததில் பெரும்பங்கு காற்று, அது ஒரு சின்ன முரண்தான். ஆனாலும் நீருக்கடியில் படிந்து கிடப்பதால் ஏற்கலாம். ‘கரு’ நிறத்தைச் சொல்கிறது. வெயிலை வாங்கிக் குழியைத் தோண்டுவதே அந்த நிறம்தான். வேண்டுமானால் முளை என்ற பொருளையும் உள்ளே வைத்துப் படித்துக்கொள்ளலாம், அதை நான் வற்புறுத்தவில்லை.

‘பனிவண்டல்’ என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவந்து கொட்டும் படிவத்துக்குப் பனியாற்று வண்டல் என்று எழுதுகிறோம். இரண்டும் மோதும். அப்புறம் ‘பனி’ என்ற சொல்லே தனித் தொல்லை. மார்கழிப் பனியும் அதுதான், அண்டார்க்டிகப் பனியும் அதுதான். அதைத் தவிர்த்து ஒரு சொல் கிடைத்தால் நல்லது என்பேன். பனியாறா, யாழ்ப்பாண நண்பர் எழுதியது போல் பனிக்கட்டியாறா என்ற வழக்கைத் தனி இழையில் பேசுவோம்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. நீர் வேதியியலில் இருந்தே எடுக்கிறேன்:

‘மக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகளில் உள்ள கனடா பனியாற்றில் (பெயர்தான் கனடா, இருப்பது அண்டார்க்டிகாவில்) கருவண்டல் குழிகளுக்குப் பனிக்கட்டி மூடி உண்டு. கோடையில் மூடிக்குக் கீழே மட்டும் நீர் உருகும். வெளிக்காற்று எட்டாத அந்த நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடைக் கருவண்டலின் உயிர்கள் ஒளிச்சேர்க்கையில் தீர்த்துவிடுவதால், சில குழிகளில் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு; 7க்கு மேல் காரம்) 11 வரை ஏறுகிறது. குளோரைடை எந்த உயிரும் அவ்வளவாக எடுப்பதில்லை. ஆண்டுதோறும் அது கூடிக்கொண்டே போவதால், குழி எத்தனை ஆண்டாக மூடிக் கிடக்கிறது என்பதை அதைக் கொண்டு கணிக்கலாம்.’

‘ஸ்வால்பார்டில் குழிகள் பெரும்பாலும் திறந்தவை. மேகமூட்டமும் வெதுவெதுப்பான காற்றும் சேர்ந்த நாட்களில் அடித்தரையைவிட மேற்பரப்பு வேகமாக உருகும். குழி ஆழம் குறைந்து உடையும். கருவண்டல் பரப்பெங்கும் சிதறிப் பனியாற்றைக் கறுப்பாக்கும், மிச்சம் ஓடையில் போகும், பிடித்து வைத்திருந்த உலோகங்களோடு.’

இங்கெல்லாம் ‘பனித்தூசு’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘பனித்தூசின் உயிர்கள்’ என்னும் இடத்தில் நாக்கு தடுக்கும். மணிகளைக் கருவண்டல் மணிகள் என்றே சொல்லலாம், புதுச் சொல் தேவையில்லை.

> ஒலிபெயர்ப்பே போதும். பள்ளி மாணவர் கிரையோகோனைட் என்றே படிக்கட்டும்.

ஆய்வுக் கட்டுரையில் ஒருமுறை அப்படி எழுதி அறிமுகம் செய்யலாம், எதிர்ப்பில்லை. ஸ்வால்பார்டின் நியூ ஓலசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இயங்குகிறது. இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் போக வாய்ப்பிருக்கிறது. பக்கத்துக்கு இருபது முறை கிரையோகோனைட் என்று வந்தால் படிக்கிறவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

கடைசியாக, இழையில் ஓர் அம்மா கேட்ட இரண்டாவது சொல்: பனி உருகத் தொடங்கும்போது மாசைச் சுமந்து முதலில் வரும் நீருக்கு என்ன பெயர் வைப்பது? குளிர்காலம் முழுதும் வட துருவப் பகுதியின் மேல் தேங்கும் புகைமூட்டத்திலிருந்து சல்பேட்டும் நைட்ரேட்டும் பனிப்பொழிவோடு இறங்குகின்றன. பனித்துகள்கள் நாள்பட உருமாறும்போது உப்புகள் உள்ளே இடமின்றித் துகள்களின் வெளிவிளிம்புக்கு வருகின்றன. வசந்தத்தில் முதலில் உருகும் நீர் அவற்றை அள்ளிக்கொண்டு போகிறது. பில்டர் காபியின் முதல் டிகாக்‌ஷன் போலத்தான்: முதல் மூன்றில் ஒரு பங்கு நீரிலேயே மாசில் பாதிக்கு மேல் போய்விடும். ஓடையில் அமிலத்தன்மை திடீரென ஏறி மீனுக்கு ஆபத்தாவது அந்தச் சில நாட்களில்தான்.

இதற்குப் ‘புதுப்புனல்’ என்ற யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் ஆடிப்பெருக்கின் சொல்லை அமில நீருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ‘முதல் உருகுநீர்’ போதும். குளோரைடுக்கு முன்பாகச் சல்பேட்டும் நைட்ரேட்டும் வெளியேறும் அந்த வரிசைக்கு ‘முந்துவடிதல்’ என்று வைக்கலாமா? வேதியியல் ஆசிரியர்கள் சொல்லட்டும். ஆய்வகத்தில் கலவையைப் பிரிக்கும் குரோமட்டோகிராபியில் இதே வடிதலுக்கு வேறு வினைச்சொல் வழக்கில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், இரண்டு துறைக்கும் ஒரே சொல் இருப்பது நல்லது.

கருவண்டலுக்கு மறுப்பு உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். கரிசல் மண்ணோடு குழப்பம் வரும் என்று யாராவது சொன்னால், அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை.