உப்புநீரில் இறங்கும் படகு ட்ரெய்லருக்கு எந்த உலோகம் ஏற்றது?

கேள்வி

வணக்கம். தூத்துக்குடியில் பதினெட்டு அடி பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன்; எஞ்சினோடு சேர்த்து ஏறக்குறைய 700 கிலோ இருக்கும். வாரம் ஒருமுறை ஜீப்பில் இழுத்துச் சென்று, ட்ரெய்லரின் சக்கரங்கள் மூழ்கும் ஆழம் வரை கடலில் இறக்கித்தான் படகை விடுகிறேன். பழைய ட்ரெய்லரைச் சதுரக் குழாயில் செய்து, இரண்டு கை எபாக்சி பெயிண்ட் அடித்திருந்தேன். மூன்றாம் ஆண்டில், வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே, சுத்தியலால் லேசாகத் தட்டிய இடத்தில் ஓட்டை விழுந்து, உள்ளிருந்து துருத்தூள் கைப்பிடி அளவுக்குக் கொட்டியது. புதியதை ஹாட் டிப் கால்வனைசிங் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சேற்றிய எஃகில் செய்வதா, அலுமினியத்திலா, 316 என்ற வகை எவர்சில்வரிலா? பாம்பனில் 2025ஆம் ஆண்டு திறந்த ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்பதால், மனம் எவர்சில்வர் பக்கம் சாய்கிறது.

மறுமொழி 1

ஐயா, பாலத்தின் கான்கிரீட்டுக்குள் புதையும் கம்பியை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது என்பதால் அங்கே அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. ட்ரெய்லருக்கு அது வீண். தவிர, 316இல் உப்பரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று விழுக்காடு இருந்தாலும், போல்ட் தலைக்கு அடியிலும் பட்டையின் இடுக்கிலும் உப்புநீர் தேங்கினால் அங்கே அதுவும் குழி விழுந்து அரிக்கும்.

உங்கள் பழைய ட்ரெய்லரைக் கெடுத்தது உலோகம் மட்டுமன்று, குழாய் வடிவமும்தான். உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லை. பெயிண்ட் அடிக்கும் தூரிகையும் அங்கே எட்டாது. ஆகவே ஒரு பக்கம் திறந்த, ‘C’ வடிவ எஃகுச் சட்டமான சி சேனலில் சட்டத்தைச் செய்து, வெல்டிங்கையும் துளையிடுதலையும் முழுவதும் முடித்த பிறகே, ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள எஃகில் சராசரியாக 85 மைக்ரான் பூச்சு படிய வேண்டும் என்பது தரநிலை. கடையில் கிடைக்கும், ஏற்கெனவே துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை வாங்கி வெல்டு வைத்தால், பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய், துரு அங்கிருந்தே தொடங்கும். வேலையைத் தொடங்கும் முன்பே கால்வனைசிங் தொட்டியின் நீளத்தைக் கேட்டறிந்து, சட்டம் அதில் அடங்குமாறு அளவு வையுங்கள்.

மறுமொழி 2

அலுமினியத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் இழுப்பது எளிது. கீறல் விழுந்தாலும் ஆக்சைடு படலம் தானே மூடிக்கொள்ளும். ஆனால் 6061 என்ற அலுமினியக் கலவை வகையைப் பற்றவைத்தால் இணைப்பைச் சுற்றி வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் நல்ல அலுமினிய ட்ரெய்லர்களை ‘I’ வடிவ உத்திரங்களான ஐ பீம்களை போல்ட் செய்தே கட்டுகிறார்கள். எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தை நேரடியாகத் தொடாதபடி நைலான் வாஷர் போட வேண்டும். படகு அமரும் மரக்கட்டைகளுக்குச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தைப் பயன்படுத்தாதீர்கள். அந்தச் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். இத்தனையும் தெரிந்த பட்டறை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், மேலே நண்பர் சொன்னதே சரி.

மறுமொழி 3

இருவரும் சட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு நடுவழியில் நின்றதெல்லாம் சக்கர பேரிங்கால்தான். சாலையில் ஓடிச் சூடான ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியை) உடனே கடலில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். கையால் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்த பிறகு இறக்குங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவும்போது, சேனலின் உள்பக்கத்தையும் ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திறந்த சேனலும் ஹாட் டிப்பும் என்று முடிவு செய்துவிட்டேன். போல்ட்டுகளையும் சட்டத்தோடு சேர்த்து முக்கிவிடலாமா?

மறுமொழி 1

கூடாது, மரைகளில் துத்தநாகம் அடைத்துக்கொண்டு நட் ஏறாது. தனியே ஹாட் டிப் செய்த போல்ட்டுகளை, அவற்றுக்கென மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டிய நட்டுகளோடு ஜோடியாகவே வாங்குங்கள்.